கண்ணில் பறக்கும் பூச்சிகள்



பசி மிகுந்தால் கண்ணில் பூச்சி பறக்கிறது என்கிறோம். வெயிலில் நடந்து களைத்தாலும் அவ்வாறே சொல்கிறோம். ஆனால் பசியோ களைப்போ சிறிதும் இல்லாத ஒருவர், நன்றாக உறங்கி எழுந்து, வெளிச்சமான வானத்தை நோக்கும்போது, கறுத்த புள்ளிகளும் நெளிந்த இழைகளும் மெய்யாகவே மிதந்து செல்லக் காண்பதுண்டு. காலையில் மல்லேஸ்வரத்துக்கு அருகில் சாங்கி ஏரிக்கரையில் உலாவும் பெரியவர்களிடம் கேட்டால், அவர்களில் பலர் இதைச் சொல்வார்கள். கொசு என்று எண்ணிக் கையை வீசிப் பார்த்தவர்களும் உண்டு. அந்தப் பூச்சிகள் வெளியே பறப்பன அல்ல, விழிக்குள்ளேயே மிதப்பன. அவை எங்கிருந்து வருகின்றன, எப்போது அவற்றைப் பொருட்படுத்தாமல் விடலாம், எப்போது ஒரு நாளும் தாமதிக்காமல் கண் வைத்தியரிடம் போக வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நான் வைத்தியன் அல்லேன். மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிகிறவன். ஆகையால் எந்தப் பொருளையும் அதன் பெயரிலிருந்தே தொடங்குவது என் வழக்கம். விழியின் பின்பகுதி முழுவதையும் நிரப்பி நிற்கும் பொருளுக்கு வைத்திய நூல்கள் இட்ட பெயர் விட்ரியஸ். லத்தீன் மொழியில் விட்ரம் என்றால் கண்ணாடி. நம் பாடநூல்கள் அதனை விட்ரியஸ் திரவம் என்றும் பின்கண் ரசம் என்றும் எழுதின. திரவம், ரசம் என்னும் இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. ஏனெனில் அது ஓடுகிற நீர் அன்று; நின்ற இடத்தில் நின்று அசைகிற கூழ். இப்பேச்சில் அதனைக் கண்ணாடிக் கூழ் என்றே குறிப்பிடுவேன்.

கோடைக் காலத்தில் பெங்களூர்ச் சந்தைகளில் தாட்டி நுங்கு என்று நம்முடைய பனை நுங்கை விற்பார்கள். இளம் நுங்கை உரித்துக் கையில் வைத்துப் பாருங்கள். ஒளி ஊடுருவும் நிறம், அழுத்தினால் வளைந்து கொடுக்கும் தன்மை, நடுவே சிறிது நீர். கண்ணாடிக் கூழுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குக் கிடைக்கவில்லை. பிந்திச் சொல்லப்போகும் விஷயத்திற்கும் அந்த நடுநீர் பயன்படும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் விழி முன்பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் நீளமுள்ள உருண்டை. அதன் கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்கு இந்தக் கூழே. அளந்தால் சுமார் 4 மில்லிலிட்டர் இருக்கும். ஒரு தேக்கரண்டிகூட நிரம்பாது. அதிலும் 100 பங்குக்கு 98 பங்குக்கு மேல் வெறும் நீர். எஞ்சியுள்ள மிகச் சிறிய பங்குதான் அந்நீரைக் கூழாக நிறுத்தி வைக்கிறது. அதில் இரண்டு பொருள்கள் முக்கியமானவை. ஒன்று, கொலாஜன் என்னும் புரதத்தால் ஆன மிக நுண்ணிய இழைகள். மற்றொன்று, அந்த இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாதபடி இடையில் நின்று நீரைப் பிடித்து வைக்கும் ஹையலூரானிக் அமிலம். இவ்வமிலத்தை 1934-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் கார்ல் மேயர், ஜான் பாமர் என்னும் இருவர் மாட்டின் கண்ணிலிருந்துதான் முதன்முதலில் பிரித்தெடுத்தார்கள். கிரேக்க மொழியில் கண்ணாடிக்கு ஹையலோஸ் என்று பெயர். அதைக் கொண்டே பெயரிட்டார்கள். இன்று முகப்பூச்சு விளம்பரங்களில் அப்பெயரைக் கேட்கிறவர்கள் அது மாட்டின் கண்ணில் பிறந்த சொல் என்று அறிந்தால் சற்றுத் திகைப்பார்கள்.

கூழுக்குள் இரத்தக் குழாய் ஒன்றும் இல்லை. இருந்தால் ஒளி தடைபடும். ஆயினும் தாயின் வயிற்றில் இருக்கும்போது ஒரு நாளம் இக்கூழின் நடுவே சென்று, வளரும் லென்ஸுக்கு உணவூட்டுகிறது. பிறப்பதற்குள் அது தேய்ந்து மறைந்துவிடும். சிலருக்கு அதன் எச்சமாக ஓர் இழை தங்கி, சிறுவயதிலிருந்தே ஒரு நிழலாகத் தெரிவதுண்டு. வீடு கட்டி முடிந்த பிறகு சாரத்தைப் பிரிக்கும்போது ஒரு மூங்கிலை விட்டுவிட்டுப் போவது போன்றது அது.

கூழ் வெறுமனே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கவில்லை. விழி அசையும்போதும் அடிபடும்போதும் அதிர்ச்சியைத் தாங்குகிறது. உயிர்வாயு மிகுதியாக லென்ஸைச் சென்று சேராமல் தடுக்கிறது. இக்கூழை எடுத்துவிட்ட கண்ணில் புரை விரைவில் வளர்வதற்கு அதுவே காரணம் என்கிறார்கள். பின்புறத்தில் அது விழித்திரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. விழித்திரையின் முன் ஓரத்தில் ஒரு பட்டைபோல் மிக உறுதியாகப் பற்றியிருக்கிறது. பார்வை நரம்பு தொடங்கும் இடத்திலும், கூர்மையான பார்வைக்குரிய நடுப்புள்ளியிலும், பெரிய இரத்தக் குழாய்களின் வழியிலும் ஓரளவு பிடிப்பு உண்டு. மற்ற இடங்களில் லேசான ஒட்டுதலே. இந்தப் பிடிப்பில்தான் நன்மையும் தீமையும் அடங்கியிருக்கின்றன.

வயது ஏற ஏறக் கூழ் இளகுகிறது. அங்கங்கே அமிலமும் நீரும் பிரிந்து சிறு நீர்க்குளங்கள் உண்டாகின்றன. காவல் நீங்கிய இழைகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளுகின்றன. அத்திரள்களின் நிழல் விழித்திரையில் விழுவதைத்தான் பூச்சி என்றும் நூலாம்படை என்றும் தலைமயிர் என்றும் நாம் காண்கிறோம். வெண்ணிறச் சுவரையும் வானத்தையும் நோக்கும்போது பாவை சுருங்குவதால் நிழல் கூர்மையாகிறது, இருளில் மங்கிவிடுகிறது. பார்வையைத் திருப்பினால் பூச்சியும் கூடவே வந்து, கண் நின்ற பிறகும் சற்று மிதந்து அடங்கும். கூழோடு சேர்ந்து அசைவதால் அப்படி. எனவே அதை நேராகப் பார்த்துவிட முயல்வது வீண். துரத்தத் துரத்த நழுவும்.

இப்போது நுங்கின் நடுநீருக்கு வருவோம். நுங்கைக் கட்டைவிரலால் குத்தினால் நீர் வெளியேறி, சதை சுருங்கித் தொய்ந்துவிடுகிறதல்லவா? பெரும்பாலும் 50 வயதைக் கடந்தபின், விழியிலும் ஒரு நாள் இது நிகழ்கிறது. உள்ளே தேங்கிய நீர் கூழின் பின்பக்கமாக வெளியேறி, கூழுக்கும் விழித்திரைக்கும் இடையே புகுந்துவிடுகிறது. கூழ் தொய்ந்து முன்னோக்கிச் சரிகிறது. பின்புறப் பிடிப்புகள் ஒவ்வொன்றாக விடுபடுகின்றன. பார்வை நரம்பைச் சுற்றியிருந்த பிடி விடும்போது ஒரு வளையம்போன்ற துண்டு கழன்று வருவதுண்டு; அதனால்தான் சிலர் திடீரென்று ஒரு பெரிய வளையம் மிதப்பதாகச் சொல்கிறார்கள். கூழ் இழுக்கும்போது விழித்திரைக்கு வலி தெரியாது. அதற்குத் தெரிந்த ஒரே மொழி ஒளி. ஆகவே இழுக்கப்பட்டால், கண் மூடியிருந்தாலும், ஓரத்தில் மின்னல் வெட்டியதுபோல் ஓர் ஒளியைக் காட்டுகிறது.

இது நோய் அன்று. நரை போன்று வயதின் மாறுதல். பெரும்பாலோர்க்குக் கூழ் எவ்விதச் சேதமும் இன்றிக் கழன்றுவிடும். மின்னல் சில வாரங்களில் அடங்கும். பூச்சி மெல்லத் தாழ்ந்து பார்வையின் வழியிலிருந்து விலகும். விலகாததை மனம் புறக்கணிக்கப் பழகிக்கொள்ளும். ஆனால் எல்லோர்க்கும் அப்படி அன்று. திடீரென இவ்வறிகுறிகள் தோன்றி வைத்தியரிடம் வருகிறவர்களில் பத்துப் பேரில் ஒருவருக்கோ, அதற்குச் சற்று மேலோ, கூழ் விடும்போது விழித்திரையையும் கிழித்துவிடுகிறது.

மழைக்காலத்தில் சுவரில் ஒட்டிய சினிமா விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். காகிதம் முழுமையாக இருக்கும்வரை ஒட்டிக்கொண்டே இருக்கும். ஓரிடத்தில் கிழிந்தால் போதும். கிழிசலின் வழியாக நீர் பின்னால் புகுந்து காகிதம் முழுவதையும் உப்பி எடுத்துவிடும். விழித்திரையிலும் நடப்பது அதுவே. இளகிய கூழின் நீர் கிழிசலில் புகுந்து, திரையை அதற்கு உணவூட்டும் படலத்திலிருந்து பிரிக்கிறது. பிரிந்த பகுதி பார்க்காது. பார்வையின் ஓரத்திலிருந்து ஒரு கறுந்திரை மெல்ல நகர்ந்து வரும். நடுப்புள்ளி பிரிவதற்கு முன் சிகிச்சை செய்தால் படிக்கும் பார்வையைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். பிரிந்தபின் திரையை ஒட்ட வைத்தாலும் பழைய கூர்மை முழுவதும் திரும்புவது அரிது. அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள காலம் சில நாட்களாக இருக்கலாம். சில மணிகளாகவும் இருக்கலாம்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். தஞ்சை மாவட்டத்திலிருந்து வேலைக்காக வந்து, ஓய்வு பெற்றபின் இங்கேயே தங்கிவிட்டவர். இளமை முதல் கிட்டப்பார்வை, தடித்த கண்ணாடி. ஒரு நாள் காலை வலக்கண்ணில் மிளகைத் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் தோன்றின. இரவில் ஓரத்தில் மின்னல். வீட்டில் பித்தம் என்றார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்தார். இஞ்சிச் சாறு குடித்தார். மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் கண்ணாடியை மாற்றிக் கொடுத்தார்கள். வலி இல்லை, சிவப்பு இல்லை, ஆகவே பயமும் இல்லை. பத்தாம் நாள் மூக்கின் பக்கமிருந்து ஒரு நிழல் எழுந்து பாதிப் பார்வையை மறைத்தபோதுதான் வைத்தியரைத் தேடிப் போனார். அறுவை நடந்தது, திரை ஒட்டிக்கொண்டது. ஆனால் அக்கண்ணால் இன்றும் செய்தித்தாளின் தலைப்பை மட்டுமே அவரால் படிக்க முடிகிறது. முதல் நாளே போயிருந்தால் கிழிசலைச் சுற்றி லேசர் ஒளியால் சுட்டு, அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள் என்று அவரே இப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பல ஆண்டுகளாக இருக்கும் ஓரிரு பூச்சிகள் மாறாமல் இருந்தால் அஞ்ச வேண்டுவதில்லை. புதிதாகத் திரளாகத் தோன்றினால், மின்னல் சேர்ந்தால், புகைபோல் மங்கினால், ஓரத்தில் திரை தெரிந்தால் அன்றே காட்ட வேண்டும். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு வரும் ஒளி வேறு. அது வளைந்து வளைந்து மினுக்கும், இரு கண்களிலும் தெரியும், அரைமணிக்குள் பெரும்பாலும் மறையும். ஐயம் தீர ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். ஒரு கண்ணின் குறையை மறு கண் நிரப்பி ஏமாற்றிவிடும். கிட்டப்பார்வை மிகுந்தவர்கள், புரை அறுவை செய்துகொண்டவர்கள், கண்ணில் பந்தோ பட்டாசோ பட்டு அடிபட்டவர்கள், குடும்பத்தில் விழித்திரை பிரிந்தவர் உடையவர்கள் ஆகியோர்க்குக் கவனம் இன்னும் வேண்டும்.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் ஒரு தனித் தொல்லை உண்டு. கண்ணில் பூச்சி பறக்கிறது என்பதை அப்படியே கன்னடத்திலோ இந்தியிலோ மாற்றிச் சொன்னால், கேட்பவர் மயக்கம் என்று எடுத்துக்கொண்டு இரத்த அழுத்தம் பார்க்கத் தொடங்கலாம். மொழிபெயர்ப்பில் மரபுத்தொடர் செய்யும் வழக்கமான குறும்பு. ஆதலின் ஃப்ளோட்டர்ஸ், ஃப்ளாஷஸ் என்னும் இரு சொற்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இன்று காலை முதல், வலக்கண்ணில் மட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாவையை விரித்து ரெட்டினாவைப் பார்க்க வேண்டும் என்று நீங்களே கேட்கலாம். பெங்களூரில் 1913-ஆம் ஆண்டில் தன் கட்டடத்திற்கு வந்த மின்டோ கண் ஆஸ்பத்திரி சாமராஜப்பேட்டையில் இருக்கிறது, அரசின் நிறுவனம். டில்லியில் இருப்பவர்களுக்கு 1967-இல் தொடங்கிய ராஜேந்திர பிரசாத் கண் மருத்துவ மையம் உண்டு. பிற நகரங்களிலும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் கண் பிரிவைக் கேட்கலாம்.

சோதனைக்குப் போகும்போது துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். சொட்டு மருந்திட்டுப் பாவையை விரித்தால் சில மணி நேரம் எழுத்து தெரியாது, வெயில் கூசும், வண்டி ஓட்டலாகாது. வைத்தியர் தலையில் விளக்கு அணிந்து, கையில் ஒரு லென்ஸைப் பிடித்து, இமையின்மேல் சற்று அழுத்தி விழித்திரையின் கடைசி ஓரம்வரை தேடுவார். அந்தத் தலைவிளக்குக் கருவியை உருவாக்கியவர் சார்லஸ் ஷெப்பன்ஸ் என்னும் பெல்ஜியர். இரண்டாம் உலகப் போரில் மரம் அறுக்கும் ஆலை நடத்துபவரைப் போல் வேடம் பூண்டு, ஜெர்மானியரின் கண்ணில் படாமல் பலரை பிரான்ஸிலிருந்து ஸ்பெயினுக்குள் கடத்திக் காப்பாற்றியவரும் அவரே. போருக்குப்பின் பாஸ்டன் நகரில் குடியேறினார். அவரிடம் பயின்றவர்களில் ஒருவர் சென்னைத் திருவல்லிக்கேணியில் பிறந்த எஸ். எஸ். பத்ரிநாத். 1970-இல் தாயகம் திரும்பி, 1978-இல் சங்கர நேத்ராலயாவை நிறுவி, 2023-இல் காலமானார்.

இவர்களுக்கெல்லாம் முன்னோடி ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரத்து ஜூல் கோனன். விழித்திரை பிரிந்தால் குருடே கதி என்றிருந்த காலத்தில், கிழிசலே காரணம், அதை அடைத்தால் திரை ஒட்டும் என்று 1920-களில் செய்து காட்டினார். வைத்திய உலகம் எளிதில் நம்பவில்லை. இன்றும் முதல் வேலை கிழிசலைக் கண்டுபிடிப்பதே. அதைச் சுற்றி லேசரால் சுடுவார்கள். அல்லது குளிரால் உறைய வைப்பார்கள். சுட்ட இடம் தழும்பாகி இறுகப் பத்து, பதினைந்து நாட்கள் ஆகும். முதல் சோதனையில் கிழிசல் இல்லையென்றாலும் சில வாரங்கள் கழித்து மறுபடி வரச் சொல்வார்கள். அந்த அழைப்பைத் தட்டலாகாது. பூச்சியைக் கரைப்பதாகச் சொல்லி விற்கும் சொட்டு மருந்துகளுக்கும் மாத்திரைகளுக்கும் நிரூபணம் ஏதும் இல்லை.

கூழின் மற்றொரு துன்பம், இரத்தக் கசிவு. நீரிழிவு நெடுநாள் கட்டுக்கடங்காமல் இருந்தால் விழித்திரையில் வலுவற்ற புதுக் குழாய்கள் முளைத்து, கூழின் பின்பரப்பைப் பந்தல்போல் பற்றிப் படரும். கூழ் இழுக்கும் ஒரு நாளில் அவை அறுந்து இரத்தம் கொட்டும். பார்ப்பவருக்குச் செந்நிறப் புகையாகவோ கரிய மழையாகவோ தெரியும். இளைஞர்களுக்கும் இதே கசிவைத் தரும் வேறொரு நோய் உண்டு. 1880-இல் பர்மிங்காம் நகரத்து ஹென்றி ஈல்ஸ் விவரித்ததால் ஈல்ஸ் நோய் எனப்படும் அது, பின்னர் நம் நாட்டில்தான் மிகுதியாகக் காணப்பட்டது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குட்பட்ட ஆண்களைத் தாக்கும். காசநோயோடு தொடர்புடையது என்று கருதுகிறார்கள். ஆகவே சிறுவயது, ஒன்றும் இராது என்று பிள்ளைகளின் புகாரைத் தள்ளிவிடக் கூடாது.

இரத்தம் தானே வடியாவிட்டாலோ, கூழ் திரையை இழுத்துக்கொண்டே இருந்தாலோ, கூழையே எடுத்துவிடுகிறார்கள். அதைத் தொட்டால் கண் கெடும் என்பது முற்காலத்துக் கண் வைத்தியர்களின் உறுதியான நம்பிக்கை. 1970-இல் அமெரிக்காவின் மயாமி நகரில் ராபர்ட் மக்கெமர் அதை மாற்றினார். நுனியிலேயே வெட்டி உறிஞ்சும் குழல் ஒன்றை அமைத்து, கோழி முட்டையின் வெண்கருவில் அதைச் சோதித்துப் பார்த்தபின் கண்ணுக்குள் செலுத்தினார். இன்று அரை மில்லிமீட்டர் அளவேயான துளைகள் மூன்றின் வழியே அதைச் செய்கிறார்கள். எடுத்த கூழ் மீண்டும் சுரப்பதில்லை. விழி தானே ஊற வைக்கும் நீர் அவ்விடத்தை நிரப்புகிறது. 50 வயதைக் கடந்தவர்களுக்கு இரண்டொரு ஆண்டுகளில் புரை வருவதை எதிர்பார்க்கலாம். சாதாரணப் பூச்சிக்காக மட்டும் இவ்வறுவையைச் செய்துகொள்ள வைத்தியர்கள் எளிதில் இசையாததற்கு இவையெல்லாம் காரணம்.

விழித்திரையை அழுத்திப் பிடிக்கச் சில வேளைகளில் கண்ணுக்குள் சிலிக்கோன் எண்ணெயோ வாயுவோ நிரப்புவார்கள். வாயு மேலெழும் தன்மையது. அது கிழிசலின்மேல் நிற்பதற்காகச் சில நாட்கள் முகம் கவிழ்த்தோ, ஒருபக்கம் சாய்ந்தோ இருக்கச் சொல்வார்கள். அது கரையும்வரை விமானம் ஏறக் கூடாது. உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து, கண்ணுள் இருக்கும் வாயு விரிந்து, பார்வையையே பறித்துவிடக்கூடும். வேறு காரணத்திற்காக மயக்கமருந்து கொடுக்க நேர்ந்தால் அந்த வைத்தியரிடமும் கண்ணில் வாயு இருப்பதைச் சொல்லியாக வேண்டும். நம்மவர்களில் பலர் உறவினரின் துணையை எண்ணிச் சென்னைக்குப் போய் அறுவை செய்துகொண்டு திரும்புகிறார்கள். விமானம்தான் ஆகாது, ரயிலில் வரலாமே என்று நினைப்பார்கள். சென்னை கடற்கரை ஊர். பெங்களூரோ சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜோலார்பேட்டையைக் கடந்தபின் ரயில் மலையேறத் தொடங்கிவிடும். கண்ணில் எவ்வளவு வாயு எஞ்சியிருக்கிறது, எந்த நாளில் மேலே போகலாம் என்பதை அறுவை செய்த வைத்தியரிடமே கேட்டுக்கொண்டு, அதன்பிறகு திரும்பும் டிக்கெட்டை வாங்குங்கள்.